அம்மாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 57 வயது. சினைப்பைப் புற்றுநோய். மூன்று கீமோ, அப்புறம் ஆபரேஷன், அதன் பிறகு மூன்று கீமோ என்று முடித்தோம். ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவைக் காட்டும் சிஏ-125 மார்க்கர், ஆயிரத்துக்கு மேல் இருந்தது 14-க்கு இறங்கியது. எட்டு மாதம் நிம்மதியாக இருந்தோம். இப்போது மார்க்கர் மறுபடி 96. ஸ்கேனில் வயிற்றுக்குள் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிகின்றன. 'உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு, இனிமே கீமோ வேண்டாம், சித்தா பார்க்கலாம்' என்கிறார் பெரியப்பா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதனால் ஐந்தாவது கீமோ ஒன்பது நாள் தள்ளிப்போனது. அந்த ஒன்பது நாளில்தான் நோய் பலம் பிடித்துக்கொண்டதோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் டாக்டர் அதே கார்போபிளாட்டினைத்தான் மறுபடி கொடுக்கப் போவதாகச் சொல்கிறார். வேலை செய்யாத மருந்தை எதற்குத் திரும்பக் கொடுக்க வேண்டும்? எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே டெஸ்ட் செய்ய முடியாதா? அம்மாவுக்குப் பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லை.

— ஒரு மகள், முடிச்சூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்விகள் பல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நாங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. வெள்ளத்தில் போன அந்த ஒன்பது நாளால் நோய் திரும்பி வரவில்லை. வெறும் ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரியப்பா சொல்லும் 'உடம்பு பழகிப்போச்சு' என்ற பேச்சிலிருந்தே தொடங்கலாம். அம்மாவின் உடம்பு பழகியிருந்தால் ஆறாவது கீமோவுக்குப் பிறகும் ரத்த கவுண்ட் குறைந்திருக்காது. பாதம் இன்றுவரை மரத்திருக்காது. அவருடைய நரம்பும் எலும்பு மஜ்ஜையும் முதல் நாள் போலவே கடைசி நாளும் மருந்தின் அடியை வாங்கியிருக்கின்றன. உடம்புக்குப் பழக்கம் எதுவும் வரவில்லை. மாற்றம் நடந்தது புற்றுச் செல்களின் கூட்டத்துக்குள்ளே.

'கூட்டம்' என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கும். அவை எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்காது. ஒவ்வொரு முறை செல் இரண்டாகப் பிரியும்போதும் அதன் டிஎன்ஏ முழுவதும் நகலெடுக்கப்படுகிறது, நகலில் பிழைகள் விழுகின்றன. புற்றுச் செல்லில் அந்தப் பிழையைத் திருத்தும் ஏற்பாடும் பெரும்பாலும் பழுதாகி இருக்கும். பெரும்பாலான பிழைகளால் செல்லுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் நூறு கோடியில் ஏதோ ஒரு செல்லில் விழுந்த ஒரு பிழை, பிற்பாடு வரப்போகும் ஒரு மருந்திலிருந்து அதைக் காப்பாற்றக்கூடியதாக அமைந்துவிடும். அந்த மருந்தை அந்தச் செல் அதுவரை கண்டதே இல்லை.

இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1943-இல் சால்வடோர் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் என்ற இருவர் பாக்டீரியாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நிறைய சோதனைக் குழாய்களில் தனித்தனியாகக் கொஞ்சம் பாக்டீரியாவைப் போட்டுப் பெருக விட்டார்கள். பிறகு ஒவ்வொன்றையும், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் பூசிய ஒரு தட்டில் ஊற்றினார்கள். வைரஸைப் பார்த்த பிறகுதான் பாக்டீரியா பழகித் தப்பிக்கிறது என்றால், எல்லாத் தட்டிலும் பிழைத்தவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. சில தட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, சில தட்டில் கும்பல் கும்பலாக மிஞ்சின. குழாயில் பெருகும்போதே எங்கோ ஒன்று தற்செயலாக மாறியிருக்கிறது. சீக்கிரம் மாறிய குழாயில் அதன் வாரிசுகள் ஏராளம், தாமதமாக மாறிய குழாயில் கொஞ்சம், மாறாத குழாயில் எதுவுமே இல்லை. இந்த இருவரும் 1969-இல் நோபல் பரிசு பெற்றார்கள். புற்றுச் செல்களுக்கும் இந்தக் கணக்கு பெரிய அளவில் பொருந்துகிறது.

அம்மாவின் நோயைக் கண்டுபிடித்த அன்றே, முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பே, மருந்துக்குக் கேட்காத சில செல்கள் அந்தக் கட்டிக்குள் இருந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றது. அதனால்தான் மார்க்கர் ஆயிரத்திலிருந்து 14-க்கு வந்தது. அது பொய்யான வெற்றி இல்லை, உங்கள் அம்மாவுக்கு எட்டு மாதம் கொடுத்த வெற்றி. ஆனால் 14 என்றால் பூஜ்யம் என்று பொருள் இல்லை. ஸ்கேனுக்கும் மார்க்கருக்கும் அகப்படாத அளவில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அது பெருகக் கொஞ்ச காலம் ஆனது.

மருந்துக்குக் கேட்காத செல் அப்படி என்னதான் செய்கிறது? அம்மாவுக்குப் போன இரண்டு மருந்தையும் வைத்தே சொல்கிறேன்.

கார்போபிளாட்டினோடு வழக்கமாகச் சேர்த்துக் கொடுக்கும் பாக்லிடாக்சலில் தொடங்குவோம். செல்லுக்குள் போய்த் தங்கினால்தான் அது வேலை செய்யும். வெள்ளம் வந்த அன்று உங்கள் தெருவில் யாராவது மோட்டார் வைத்து வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை வெளியே இறைத்திருப்பார்கள். சில புற்றுச் செல்கள் தங்கள் சுவரில் அப்படிப்பட்ட மோட்டார்களை வரிசையாகப் பொருத்தி வைத்துக்கொள்கின்றன. மருந்து உள்ளே வர வர வெளியே தள்ளிவிடும். பி-கிளைக்கோபுரதம் என்று அதற்குப் பெயர். 1976-இல் கனடாவின் டொராண்டோ நகரில் ருடால்ஃப் ஜூலியானோ, விக்டர் லிங் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெள்ளெலிச் செல்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பயன்படுத்திய மருந்து கொல்ச்சிசின். நம் ஊர்க் கண்வலிக் கிழங்கில், அதாவது நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில், இருக்கும் அதே நஞ்சு. கொல்ச்சிசினுக்கு மட்டும் தப்பிய செல்களைத்தான் அவர்கள் பொறுக்கி வளர்த்தார்கள். ஆனால் அந்தச் செல்கள் அதற்கு முன் சந்தித்தே இராத வேறு சில மருந்துகளுக்கும் மசியவில்லை. மோட்டாருக்கு இது கிணற்றுத் தண்ணீரா மழைத் தண்ணீரா என்ற பேதம் கிடையாது. ஒரு மருந்துக்குக் கேட்காத நோய் சில சமயம் வேறு வகை மருந்துக்கும் கேட்காமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

'அந்த மோட்டாரை நிறுத்திவிட்டால் போச்சே' என்று தோன்றும். டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. பல வருடங்கள் முயன்று பார்த்தார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வெரபமிலில் தொடங்கி, இதற்கென்றே உருவாக்கிய மருந்துகள் வரை சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஏனென்றால் அதே மோட்டார் நம் குடலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் காவலுக்கு இருக்கிறது. அதை நிறுத்தினால் கீமோவின் நஞ்சு நல்ல உறுப்புகளில் தேங்கிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த அத்தியாயம் இது. கண் முன்னால் தெரிகிற கதவைத் திறக்க முடியாமல் போனது.

கார்போபிளாட்டின் கதை வேறு. அதை இந்த மோட்டார் இறைப்பதில்லை. அது செல்லின் டிஎன்ஏ இழைகளைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிப்போடும். கட்டு விழுந்த டிஎன்ஏவை நகலெடுக்க முடியாமல் செல் சாகும். தப்பிக்கிற செல் இரண்டு மூன்று வழிகளில் தப்பிக்கிறது. குளூட்டாதயோன் என்ற பொருளை அதிகமாக உற்பத்தி செய்து, மருந்து டிஎன்ஏவை எட்டுவதற்கு முன்பே அதைச் செயலிழக்க வைப்பது ஒரு வழி. கட்டுகளை அவிழ்த்துப் பழுது பார்க்கும் வேலையாட்களைக் கூட்டிக்கொள்வது இன்னொரு வழி. மூன்றாவது வழியைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டிஎன்ஏவைப் பழுது பார்க்க உதவும் பிஆர்சிஏ மரபணு பிறவியிலேயே பழுதாக உள்ள பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றில், பழுது பார்க்கும் திறன் இல்லாததால்தான் கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகள் நன்றாகக் கேட்கின்றன. ஆனால் மருந்துக்கு நடுவே சில செல்களில் அந்தப் பழுதான மரபணுவில் இன்னொரு பிழை விழுந்து, முதல் பிழையைச் சரிசெய்துவிடுகிறது. தப்புக்கு மேல் தப்பு விழுந்து சரியாகிவிட்ட செல். அது பிழைத்துக்கொள்கிறது.

இவற்றோடு தூங்கும் செல்கள் என்று ஒரு வகை உண்டு. கீமோ பெரும்பாலும் வேகமாகப் பிரியும் செல்லைத்தான் அடிக்கும். பிரியாமல் சும்மா கிடக்கும் செல், மரபணுவில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, மருந்து வந்து போகும்வரை ஒடுங்கிக் கிடந்து பிறகு எழுந்திருக்கும். ரத்த ஓட்டம் சரியாக எட்டாத மூலையில் கிடக்கும் செல்லுக்கும் மருந்து அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். இந்தத் தூங்கும் செல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே மருந்து எதற்கு என்ற உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல இது தேவைப்படும்.

அதற்கு முன், ஏன் இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அவருடைய குழு உருவாக்கிய அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-இல் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்ததாக எழுதினார். படுத்த படுக்கையாக இருந்த குழந்தைகள் எழுந்து நடந்தார்கள். ஆனால் கொஞ்ச காலத்தில் நோய் திரும்பிவிட்டது. இன்று நீங்கள் கேட்கும் கேள்வியை அன்று அந்தப் பெற்றோர்களும் கேட்டிருப்பார்கள். காசநோய்க்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி தப்பித்துவிடுகிறது, சேர்த்துக் கொடுத்தால் தப்பிக்க வழியில்லை என்பது அதற்குள் தெரிந்திருந்தது. 1956-இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையத்தைத் தெரிந்த சென்னைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1960-களில் அதே யோசனையில் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கிருந்துதான் குழந்தைகள் முழுமையாகக் குணமடையத் தொடங்கினார்கள். ஒரு செல் ஒரு மருந்துக்குத் தப்பிக்கலாம். வெவ்வேறு விதமாக வேலை செய்யும் இரண்டு மருந்துக்கும் ஒரே செல் தப்பிப்பது அபூர்வம்.

சரி, அதே கார்போபிளாட்டின் எதற்கு? திரும்பி வந்த நோய் என்றாலே அது மருந்துக்குக் கேட்காத நோய் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. மிஞ்சியவற்றில் தூங்கிக்கிடந்த செல்களும் இருந்தன அல்லவா? அவை எழுந்து பெருகும்போது, மறுபடி அதே மருந்துக்கு அகப்படும். எது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கணிக்க எங்களுக்கு இருக்கும் நல்ல அளவுகோல் காலம்தான். கடைசி பிளாட்டினம் முடிந்து ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பினால், அதே மருந்து மறுபடி கேட்கும் வாய்ப்பு குறைவு. ஆறு மாதத்தைத் தாண்டி வந்தால் வாய்ப்பு அதிகம், இடைவெளி நீள நீள இன்னும் அதிகம். ஆறு என்பது சுவர் எழுப்பிய எல்லை இல்லை, உத்தேசக் கணக்குதான். உங்கள் அம்மாவுக்கு எட்டு மாதம். அதனால்தான் உங்கள் டாக்டர் அந்த மருந்தை இன்னும் கையிலிருந்து விடவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையே யோசித்திருப்பேன்.

ஆனால் கூட்டு மருந்து மாறக்கூடும். கழன்ற செருப்பு தெரியவில்லை என்று எழுதினீர்களே, அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். பாக்லிடாக்சல் நரம்பைப் பாதித்ததால் வந்தது அது. நிறைய பேர் இதைப் பெரிதாக நினைத்துச் சொல்வதில்லை. சொன்னால், அதற்குப் பதிலாக ஜெம்சைட்டபைன் அல்லது கொழுப்பு உறையிட்ட டாக்சோரூபிசினைச் சேர்ப்பது பற்றி அவர் யோசிக்கலாம். இன்னொரு விஷயம்: கார்போபிளாட்டின் மொத்தக் கணக்கில் ஆறு முறையைத் தாண்டும்போது ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுகிறது. மருந்து ஏறும்போது உள்ளங்கை அரிப்பு, முகம் சிவப்பது, நெஞ்சு இறுக்கம் இருந்தால் 'கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்' என்று அம்மா பொறுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

டெஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். கட்டியின் ஒரு துண்டை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்து கொல்கிறது என்று பார்த்துச் சொல்லும் பரிசோதனைகள் இருக்கின்றன. கேட்கும்போது இதைவிட நியாயமான யோசனை கிடையாது. ஆனால் தட்டில் நடப்பது வயிற்றுக்குள்ளும் அப்படியே நடப்பதில்லை. அதை நம்பி வழக்கமான சிகிச்சையை முடிவு செய்யும்படி யாரும் பரிந்துரைக்கும் நிலை இன்னும் வரவில்லை. அதற்குப் பெரிய தொகை கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பணத்துக்கு வேறு ஒரு டெஸ்ட் இருக்கிறது. அம்மாவுக்கு பிஆர்சிஏ பரிசோதனை செய்தாயிற்றா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. செய்யவில்லை என்றால் அவசியம் கேளுங்கள். அந்த மரபணுவில் பழுது இருந்தால், இந்த முறை கார்போபிளாட்டினுக்கு நோய் கட்டுப்பட்ட பிறகு, ஓலாபரிப் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து இடைவெளியை நீட்டிக்க முடியும். அம்மாவுக்குப் பிறவியிலேயே அந்தப் பழுது இருந்தால், அது உங்களிடமும் இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நீங்கள் அம்மாவைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களையும் நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ரிசல்ட் எப்படி இருந்தாலும் மரபணு ஆலோசகரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். சித்தி, அக்கா, தங்கை இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

இப்போது அந்த ஒன்பது நாள். கவுண்ட் ஏறவில்லை என்று நாங்களே ஒரு வாரம், பத்து நாள் கீமோவைத் தள்ளிப்போடுவது டே கேர் வார்டில் அன்றாடம் நடப்பது. மாதக்கணக்கில் விட்டுவிட்டு வருவது, பாதியில் நிறுத்துவது, திரும்பத் திரும்ப அளவைக் குறைப்பது, இவைதான் நோய்க்கு இடம் கொடுக்கும். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது, கவுண்ட் குறைந்த ஒருவரைச் சாக்கடை கலந்த நீரில் இறக்காமல் வீட்டிலேயே வைத்திருந்தீர்கள். நீங்கள் என்னிடம் போனில் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இதைச் சொல்லும்போது ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவசரத்தில் 'உங்களுக்கு மருந்து கேட்கலைம்மா' என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். 'ரெண்டு நாள் வாந்தியில கஞ்சி குடிக்கலை டாக்டர், அதனாலதான் கேட்கலையா?' என்றார். நாள் முழுக்க அந்தக் கஞ்சியையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றிலிருந்து நான் 'இந்த மருந்து அந்தக் கட்டிக்குப் போதவில்லை' என்றுதான் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் அம்மா காதுபட 'உடம்பு பழகிப்போச்சு' என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவிடம் கோபப்பட வேண்டாம். தம்பி மனைவி மறுபடி கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல் சொல்கிறார். கீமோவை நிறுத்திவிட்டு வேறு சிகிச்சைக்கு இந்த நேரத்தில் போக வேண்டாம். கூடவே கஷாயமோ சூரணமோ எடுக்க அம்மா விரும்பினால், அதன் பெயரை டாக்டரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். சில மூலிகைகள் ஈரலைப் பாதிக்கும், சில கீமோ மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திரும்பி வந்த சினைப்பைப் புற்றை அடியோடு ஒழிப்பது பெரும்பாலும் முடிவதில்லை. கட்டுப்படுத்தி, இடைவெளி வாங்கி, மறுபடி வந்தால் மறுபடி கட்டுப்படுத்துவதுதான் குறிக்கோள். பிளாட்டினம் ஒரு கட்டத்தில் போதாமல் போனால் வேறு மருந்துகள் வரிசையில் இருக்கின்றன. இப்படிச் சில வருடங்களாக வந்துபோய்க்கொண்டு, நடுவில் பேத்தி சடங்கு, மகன் கிரகப்பிரவேசம் எல்லாம் பார்த்தவர்கள் எங்கள் வார்டில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு எவ்வளவு காலம் என்று என்னால் கடிதத்தில் சொல்ல முடியாது. அவருடைய டாக்டரிடம் நீங்கள் தனியாகவும், அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அவரோடு சேர்ந்தும் கேட்கலாம்.

கடைசியாக ஒரு வேலை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் முடிச்சூரில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கீமோ தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் இரண்டு நாள் முன்பே அம்மாவை மேட்டுப் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள். டே கேர் நர்ஸின் போன் நம்பர், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சிடி, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.